குழந்தை நம்மிடம் உள்ள அமானிதம்: தடுப்பூசி விருப்பமா, கடமையா?

 



2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதாக அரசு அறிவித்தது. ஊசிக்கு முன்பே கைப்பேசிகளில் வதந்தி ஊருக்குள் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹள்ரத், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். "அது உங்கள் இஷ்டம் பாய்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அன்று நான் பதில் சொல்லவில்லை; பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொண்டேன். நம்பி வந்து கேட்டவருக்கு மார்க்கத்தின் வழியைச் சொல்ல வேண்டிய இடத்தில், அறியாமையை "இஷ்டம்" என்ற சொல்லுக்குள் மறைத்துக்கொண்டேன். அந்தக் கடனை இன்று உங்கள் முன் தீர்க்க விரும்புகிறேன்.

குழந்தை யாருக்குச் சொந்தம்?

"என் பிள்ளை, என் முடிவு" என்று சிலர் வாதிடுகின்றனர். உணவும் உடையும் கொடுத்து வளர்ப்பவர் பெற்றோர்தாம். அவர்களுடைய உரிமையை இஸ்லாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குழந்தை நமது சொத்தன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர் என்றும், நம் பொறுப்பில் உள்ளோர் குறித்து மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சொத்தை உடையவன் விரும்பியபடி செலவிடலாம். அமானிதத்தைக் கையில் வைத்திருப்பவனோ உடையவன் விரும்பும் விதத்தில்தான் காக்க வேண்டும். ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைத்ததற்கு ஒப்பாகும் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உணர்த்துகிறது. அப்படியிருக்க, தடுக்கக்கூடிய நோயைத் தடுக்காமல் விடுவதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டா?

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று அல்பகராவின் 256ஆம் வசனம் சொல்லவில்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வசனம் ஈமானை ஏற்பதைப் பற்றியது. பிறருக்குத் தீங்கு நேரும் காரியத்தில் அவரவர் விருப்பப்படி நடக்கலாம் என்பதற்கு அதை ஆதாரமாக்க இயலாது.

கப்பலின் கீழ்த்தளம்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஓர் உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரு கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்கின்றனர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே சென்று வர வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல், தங்கள் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவர்; தடுத்தால் எல்லாரும் தப்புவர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

துளை போட நினைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர்; அவர்களின் எண்ணம் நல்லதே. இடமும் அவர்களுடையதே. ஆயினும் அவர்களின் கை பிடிக்கப்பட வேண்டும். ஏனெனில் உள்ளே புகும் நீர் அந்த ஓரிடத்தில் நின்றுவிடாது.

தட்டம்மையும் அப்படிப்பட்டதே. நோயாளி அறையைவிட்டு வெளியேறிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் இருக்கும். தடுப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைக்கக் கூடும். நம் நாட்டில் இதன் முதல் தடுப்பூசி 9 மாதம் நிரம்பிய பிறகே போடப்படுகிறது. அடுத்த வீட்டின் தொட்டிலில் 6 மாதக் குழந்தை உறங்குகிறது. அதற்கு ஊசி போட முடியாது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கும் போட முடியாது. சுற்றியுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 95 சதவிகிதத்தினருக்குத் தடுப்பாற்றல் இருந்தால்தான் இவர்களுக்குப் பாதுகாப்பு. ரூபெல்லாவோ, கருவுற்ற தாய்க்குத் தொடக்க மாதங்களில் தொற்றினால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கிறது. நாம் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது நம் பிள்ளைக்காக மட்டுமன்று. அந்தத் தொட்டில் குழந்தைக்காகவும் நாமே முடிவெடுத்து விடுகிறோம்.

தவக்குல் என்பது என்ன?

"நோயும் சுகமும் அல்லாஹ்வின் விதி; ஊசி எதற்கு?" என்பாரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்பித்தார்கள். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்கு என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை கலந்து, திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். நோயும் விதி, தடுப்பும் விதி. அந்த முடிவு கலீஃபாவின் உயிரை மட்டும் கருதியதன்று, கூட வந்த மக்கள் அனைவரையும் கருதியது என்பதையும் கவனியுங்கள்.

அச்சத்தின் வேர்

தயங்கும் பெற்றோரை அறிவிலிகள் என்று ஏசுவது நியாயமாகாது. அந்த அச்சத்திற்கும் வரலாறு உண்டு. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவில் ஏழைகள் பலர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர். அந்தக் காயம் ஆறாத மண்ணில்தான், போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி பின்னாளில் வேர்விட்டது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் உளவு பார்த்தது. மருத்துவத்தின் பெயரால் செய்யப்பட்ட அந்த வஞ்சகத்தின் விலையை ஏழைக் குழந்தைகள் கொடுக்க நேர்ந்தது.

ஆனால் வஞ்சித்தவர்கள் மீதுள்ள கோபத்தை நம் பிள்ளைகளின் கால்கள் மீது காட்டலாமா? 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலம் இத்தகைய வதந்தியால் போலியோ மருந்தை நிறுத்திவைத்தது. 2004இல் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்துப் பணியை மீண்டும் தொடங்கினர். அதற்குள் கிருமி எல்லை கடந்துவிட்டது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவுக்கு 2005இல் அது போய்ச் சேர்ந்தது. அங்கே சுமார் 300 பிள்ளைகள் முடமாயினர். கப்பலின் துளை எங்கே, மூழ்கியது எங்கே என்று பாருங்கள்!

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். 2002இல் இந்தியாவில் 1,600 பிள்ளைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர். அங்கே ஆலிம்கள் பள்ளிவாசல்களிலிருந்து அழைப்பு விடுத்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும் துணை நின்றன. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இந்நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காவலரின் தடியால் இது நடக்கவில்லை. நம்பிக்கைக்குரியவர்கள் வாசல்தோறும் சென்று பேசியதால் நடந்தது.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. யார் எழுதியதென்றே தெரியாத ஒரு குரல்பதிவை விசாரிக்காமல் நாற்பது பேருக்கு அனுப்பும் நாம், இந்த வசனத்தை எங்கே வைத்துவிட்டோம்?

ஹராமான பொருள் கலந்திருந்தால்?

இக்கேள்வி நியாயமானது, ஆலிம்கள் இதை ஒதுக்கிவிடவில்லை. இந்தோனேசிய உலமா சபை 2018இல் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசியை ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்பட்டிருப்பதால் அடிப்படையில் ஹராம் எனினும், ஹலாலான மாற்று கிடைக்காத நிர்ப்பந்த நிலையில் அனுமதிக்கப்பட்டது என்று ஃபத்வா வழங்கியது. ஒரு பொருள் முழுமையாக உருமாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில் ஆகுமானது எனக் கூறும் அறிஞர்களும் உள்ளனர். எவ்வழியில் சென்றாலும், உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சட்டம் கட்டாயப்படுத்தலாமா?

பெரியோர்களே! மார்க்கத்தின் பார்வையில் தடுப்பூசி பெற்றோரின் கடமை என்பதே என் துணிபு. அரசு கட்டாயப்படுத்தலாமா என்பது வேறொரு கேள்வி. இங்கிலாந்து 1853இல் அம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கி அபராதம் விதித்தது; மக்கள் கொதித்தெழுந்ததால் 1898இல் மனச்சாட்சியின் பேரில் விலக்கு அளிக்க நேர்ந்தது. இத்தாலி 2017இல் 10 தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் கல்வியை அது மறுக்கவில்லை; பெற்றோருக்கே அபராதம் விதிக்கிறது.

நமக்கும் கட்டாயம் புதிதன்று. ஹஜ்ஜுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் விசா பெற முடியாது. "என் உடல், என் விருப்பம்" என்று அங்கே எவரும் வாதிடுவதில்லை. பல நாட்டு மக்கள் தோளோடு தோள் உரசித் தவாஃப் செய்யும் இடத்தில் ஒருவரின் அலட்சியம் ஆயிரம் பேரைத் தாக்கும் என்று அறிந்திருக்கிறோம். பள்ளிக்கூட வகுப்பறையும் அத்தகைய இடமே. ஆகவே, பரவும் நோய்களுக்கு அரசு கட்டாய விதி கொண்டுவந்தால் அதை எதிர்க்க ஷரீஅத்தில் காரணம் காணவில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகளை அரசிடம் கேட்கும் உரிமை நமக்குண்டு: காய்ச்சல், வலி போன்ற சாதாரண விளைவுகளையும், அபூர்வமாக நேரும் கடும் விளைவுகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அப்படிப் பாதிக்கப்படும் பிள்ளைக்குச் சிகிச்சையும் நட்டஈடும் தர வேண்டும், பெற்றோரின் பிழைக்காகப் பிள்ளையின் படிப்பைப் பறிக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள் நாம் அல்லர். இன்று வீடு திரும்பியதும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒவ்வாமையோ வேறு நோயோ இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஐயம் இருந்தால் எங்களிடமும் வாருங்கள். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வோம். "அது உங்கள் இஷ்டம்" என்று இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைக் கொடிய நோய்களிலிருந்தும், நம் நாவுகளை வதந்தியிலிருந்தும் காப்பானாக! நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.