வெள்ள நாளில் ஒரு தாய்வீடு

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் குல வழக்கம். வளைகாப்பு நடத்தி, கைநிறைய வளையல் அணிவித்து, மகளைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்வர். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு அவ்வழக்கம் எப்பொழுதும் கைகூடுவதில்லை. எனக்கு அது கைகூடாத கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழ்வது ஹைதராபாத்தின் வடபால் உள்ள அல்வால். சென்னை ராஜதானியின் படைகளைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சிகந்தராபாத்தின் சுற்றுப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. எனினும், மணமாகி வந்த எனக்கு இவ்வூர் அயலூராகவே தோன்றிற்று. 2020-ஆம் ஆண்டு நான் கருவுற்றிருந்தபோது நோய்த்தொற்றின் காரணமாக வழக்கமான ரயில்கள் ஓடவில்லை. நான் தாய்வீடு செல்லவும் இயலவில்லை. என் தாயார் வரவும் இயலவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் காலையில் காக்கிநாடா அருகே கரையைக் கடந்து, தெலங்கானாவின்மேல் நகர்ந்தது. அன்றிரவு கொட்டிய மழையைச் சொல்லி முடியாது. பேகம்பேட்டையில் ஒரே நாளில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் பதிவாயிற்று.

தக்காணத்துப் பாறை நிலத்தில் மழைநீரைத் தேக்க முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் அடுத்த ஏரியைச் சேரும். நாம் அவ்வாய்க்கால்களின்மேல் வீடு கட்டினோம்; நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. இரவு பத்து மணிக்கு எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு நீர். மின்சாரம் நின்றது. எனக்கோ எட்டு மாதம் நிறைந்திருந்தது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து தெலுங்கு மூதாட்டி ஒருவர் குரல் கொடுத்தார். நான் அவரைப் பெத்தம்மா என்றழைப்பேன். நம் பெரியம்மாதான் அது. என் கணவர் என்னைத் தாங்கிப் பிடிக்க, பெத்தம்மாவின் மகன்கள் இருவரும் முன்னே கோலூன்றி ஆழம் பார்த்தபடி என்னை அவர் வீட்டு மாடிக்குக் கொண்டு சேர்த்தனர். ஈரப்புடவையை மாற்றி, மிளகு ரசமும் சோறும் ஊட்டிவிட்டு, "பயபடகு, தல்லி" என்றார் அவர். தல்லி என்றால் தாய். மகளை 'அம்மா' என்றழைக்கும் நம் வழக்கம் அவர்களுக்கும் உண்டு போலும்!

நள்ளிரவுக்குப்பின் வயிற்றில் அசைவு குறைந்ததாக உணர்ந்தேன். அவ்விரவைப்போல் நீண்ட இரவை நான் அறியேன். பெத்தம்மா என்னை இடப்புறமாகப் படுக்கச் செய்து, விடியும்வரை என் வயிற்றின்மேல் கைவைத்து அமர்ந்திருந்தார். விடிந்ததும் மகன்களும் அண்டை வீட்டாரும் என்னை நாற்காலியில் அமர்த்தித் தூக்கி, பெருஞ்சாலை வரை சுமந்தனர். மருத்துவமனையில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்ட பின்னரே எனக்கு மூச்சு வந்தது. நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. வளையல் இட்டவரும் காப்பரிசி கிளறியவரும் பெத்தம்மாவே.

அன்பர்களே, இந்நகரம் வெள்ளத்தை முன்பே அறிந்தது. 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி கரைபுரண்டு பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின்மேல் ஏறிய சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். பின்னர் விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. அணைகள் ஆற்றைத் தடுக்கலாம். ஏரி வழிகளை அடைத்த குற்றத்தை அவை தீர்க்கமாட்டா.

ஆதலின், மழைக்காலத்தில் நிறைமாதமாயிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். மருத்துவச் சீட்டுகளையும் மாத்திரைகளையும் நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள். காய்ச்சிய நீரையே பருகுங்கள். வெள்ளநீரில் கழிவும் நோய்க்கிருமியும் கலந்திருக்கும், மின்கம்பியும் அறுந்து கிடக்கலாம், தேவையின்றி இறங்காதீர்கள். தாழ்ந்த பகுதியில் வசிப்பவர், நாள் நெருங்குமுன்பே மருத்துவமனைக்கு அருகில் தங்குவது நன்று. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, உதிரமோ பனிக்குட நீரோ கண்டாலோ, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். நான் விடியும்வரை காத்திருந்தது தவறு என்றே மருத்துவர் கடிந்துகொண்டார்.

இன்னும் ஒன்று. அண்டை வீட்டாரின் மொழியில் நான்கு சொற்களாவது வெள்ளம் வருமுன் கற்றுக்கொள்ளுங்கள். பிறந்தகம் தொலைவில் இருக்கலாம்; தாய்வீடு எதிர்வீட்டு மாடியிலேயே இருக்கக்கூடும்.