கழுகு ஏன் வரவில்லை?



திருக்கழுக்குன்றத்து மலையிலே உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து, பூசாரி கொடுத்ததைத் தின்றுவிட்டுப் போனது நம்மில் வயதானவர்கள் பலர் நேரில் கண்ட சங்கதியாகும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்றும், காசியிலே ஸ்நானம் செய்துவிட்டு இங்கே சாப்பிட வருகிறார்கள் என்றும் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பறவைகளேயாகும். வேளை தவறாமல் சோறு போட்டால் காக்கையுந்தான் வரும்! 1990-களோடு அவற்றின் வரவு நின்று போகவே, "கலி முற்றிவிட்டது, பாவம் பெருத்துவிட்டது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாவம் திருக்கழுக்குன்றத்தில் மட்டுமா பெருத்தது என்று நாம் கேட்கிறோம். அதே காலத்தில் இந்தியா முழுவதிலும் பாறுகள் செத்து விழுந்தனவே! 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்று என்கிற அளவுக்கு வெண்முதுகுப் பாறு குறைந்து போயிற்று. இதன் காரணத்தை எந்த ஜோசியனும் சொல்லவில்லை. பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள்தான் 2004-இல் சொன்னார்கள். மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, ஊசி போட்டும் பிழைக்காத மாட்டின் மாமிசத்தில் தங்கி, அதைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடுகிறது. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த விஷம் இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஏனெனில் ஒரே பிணத்தின்மேல் கூட்டமாக விழுந்து தின்கிற பறவை அது. வருஷத்துக்கு இடுவதோ ஒரே முட்டை.

2006-இல் சர்க்கார் அம்மருந்தை மாட்டு வைத்தியத்துக்கு ஆகாதென்று தடுத்தது. கழுகைக் கொல்லாத மெலாக்சிகம் என்ற மருந்தும் இருந்தது. அப்படியிருந்தும், மனிதனுக்கென்று விற்ற பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் நம்மவர்கள்! அதனால் 2015-இல் புட்டியையே 3 மில்லி அளவுக்குச் சுருக்க வேண்டி வந்தது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இரண்டையும் கால்நடைகளுக்குத் தடுத்தார்கள்.

இவ்வளவு பெரிய சாவு நடந்தும் ஊரார் ஏன் பதறவில்லை? செம்பருந்தைக் கண்டால் கருடனென்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பாறு கூரைமேல் உட்கார்ந்தால் அபசகுனமென்று தோஷம் கழிக்கிறோம். செத்த மாட்டை அப்புறப்படுத்துகிற மனிதனை இழிந்தவனாக்கிய அதே புத்திதானே, செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக்கிய பறவையையும் பிணந்தின்னி என்று பழித்தது? அது இல்லாத இடத்தில் பிணம் நாறுகிறது, வெறிநாய் பெருகுகிறது.

நீலகிரிக்கு அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. ஆகையால் மாடு வைத்திருக்கும் தோழர்கள், ஊசி போட வருகிறவரிடம் புட்டியைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படியுங்கள். மெலாக்சிகம் என்றிருந்தால் போடட்டும். டைக்ளோஃபினாக் என்றிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.