விண்வெளிக் கதையில் கண்ட சிறு பிழைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசவல்ல அறிஞர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன் நான். ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டிய ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். பழைய விஞ்ஞானக் கதைத் தொடர்களில் தென்படும் சிறு பிழைகளையும் முன்பின் முரண்களையும் நாம் எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதே அப்பொருள்.

எடுத்துக்காட்டுகளை ஒரே தொடரிலிருந்து தருகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 தொடங்கி 1969 ஜூன் 3 வரை 79 பகுதிகளாக வந்த ‘ஸ்டார் டிரெக்’ என்பது அது. இங்குள்ள பெரியோர் சிலர் 1980களில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் அதைக் கண்டிருக்கக் கூடும். காணாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வேன். எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பல் புதிய உலகங்களைத் தேடிச் செல்கிறது. அதன் தலைவர் கிர்க். அவருக்குத் துணை ஸ்பாக் என்னும் கூர்ங்காதர், வல்கன் என்னும் வேற்றுலகத்தவர், உணர்ச்சியை வெளிக்காட்டாதவர். மக்காய் மருத்துவர், ஸ்காட் பொறியாளர்.

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகள் சங்கக் கூடத்தில் பெரிய திரை கட்டி இத்தொடரின் சில பகுதிகளைப் போட்டுப் பார்த்தார்கள். பாறை ஆடுவதைக் கண்டார்கள், சிரித்தார்கள். சண்டைக் காட்சியைப் பாதியில் நிறுத்தி, கிர்க்குக்குப் பதிலாக வேறொருவர் குட்டிக்கரணம் போடுவதைச் சுட்டிக் காட்டினார்கள், மறுபடியும் சிரித்தார்கள். சிரித்ததில் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால் மூன்றாவது பகுதி முடியுமுன்னே கூடம் காலியாகிவிட்டது. அதுதான் என் மனத்தை உறுத்திற்று. பிழையைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

எண்களை ஒத்துப் பார்த்து வேற்றுமை காண்பதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வேற்றுமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டால் மேலதிகாரி ஒப்புக்கொள்வதில்லை. ‘எதனால் வந்தது?’ என்று கேட்பார். காரணம் எழுதும்வரையில் கோப்பு முடியாது. அந்தப் பழக்கத்தோடு இத்தொடரைப் பார்ப்போம்.

முதல் வாரம் ஒளிபரப்பான கதையில் மருத்துவர் மக்காய் இருக்கிறார். மூன்றாம் வாரம், செப்டம்பர் 22 அன்று வந்த கதையில் அவர் இல்லை; பைப்பர் என்னும் முதியவர் மருத்துவராக இருக்கிறார். எல்லோருடைய சட்டைக் கழுத்தும் வேறு விதம். கல்லறைப் பலகை ஒன்றில் தலைவரின் பெயர் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று பொறித்திருக்கிறது. பின்வந்த கதைகளிலோ அவர் ‘ஜேம்ஸ் டி. கிர்க்’. காரணம் என்ன? மூன்றாவதாக வந்த கதை, உண்மையில் 1965இல் மாதிரிக்காகப் படமாக்கப்பெற்றது. அப்போது பாத்திரங்களும் உடையும் பெயரும் உறுதிப்படவில்லை. முதலில் ஏற்றிய சரக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்த கதைதான் இது. இரயில்வே குடும்பத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அதே கதையில் ஸ்பாக், தம் முன்னோர் ஒருவர் மானிடப் பெண்ணை மணந்ததாகச் சொல்கிறார். 1967 நவம்பரில் வந்த வேறொரு கதையிலோ அவருடைய சொந்தத் தாயே பூமியிற் பிறந்த பெண்ணாக நம் முன் வந்து நிற்கிறாள். இன்னொரு வியப்பும் உண்டு. 1966 நவம்பரில் இரண்டு வாரம் தொடர்ந்து வந்த கதையில், உணர்ச்சியே காட்டாத அந்த ஸ்பாக் ஒரு செடியின் இலையைத் தொட்டுவிட்டு வாய் நிறையப் புன்னகை செய்கிறார்!

இதன் காரணம் சுவையானது. தொடருக்கு 1964ஆம் ஆண்டின் இறுதியில் எடுக்கத் தொடங்கிய முதல் மாதிரிப் படம் ஒன்று உண்டு. அதில் உணர்ச்சியற்ற அறிவாளியாக இருந்தவர் ஸ்பாக் அல்லர். கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவியாக வந்த ஒரு பெண். அப்படத்தை ஒளிபரப்பு நிறுவனத்தார் ஏற்கவில்லை. அந்தப் பாத்திரமும் நீங்கிற்று. அவளுடைய குளிர்ந்த அறிவு ஸ்பாக்குக்குச் சென்றது. பின்னர் பழைய படத்தை வீணாக்காமல், ‘பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது’ என்று புதுக் கதைக்குள் வைத்துத் தைத்தார்கள். ஸ்பாக்கின் அந்தப் புன்னகை, திரையை விட்டு நீக்கப்பெற்ற ஒரு பெண் பாத்திரம் விட்டுச் சென்ற அடையாளம் என்று நான் கொள்வேன்.

ஒரு கதைக்கு ஏறத்தாழ ஆறு நாட்களே படப்பிடிப்பு. பணமோ அளவானது. கப்பலை வாரந்தோறும் ஒவ்வோர் உலகில் இறக்கிக் காட்டச் செலவு கட்டாது. ஆகையால் மனிதரை ஒளியாக்கி இறக்கும் கருவியைக் கற்பித்தார்கள். இன்று உலகமே அறிந்த அந்தக் கற்பனை, சிக்கனத்திற் பிறந்த குழந்தை. கப்பலின் பெரிய மாதிரி பதினோரடிக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்புறமாகச் சென்றமையால் அப்பக்கத்தை முழுமையாக முடிக்கவில்லை. கப்பல் பெரும்பாலும் தன் வலப்புறத்தையே நமக்குக் காட்டிக்கொண்டு போவது அதனாலேதான்.

1967 ஏப்ரல் 6 அன்று வந்த கதை, இத்தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றெனப் பலராலும் போற்றப்படுவது. கிர்க் 1930ஆம் ஆண்டின் நியூயார்க் நகரத் தெருவில் தாம் விரும்பும் பெண்ணோடு நடந்து செல்கிறார். பின்னே ஒரு முடிதிருத்தகத்தின் பெயர்ப்பலகை தெரிகிறது. அது நியூயார்க்குக் கடையன்று. அதே காலத்தில் ஓடிய ‘ஆண்டி கிரிஃபித்’ என்னும் குடும்பத் தொடரில் வரும் சிற்றூர்க் கடை! இரண்டு தொடருக்கும் அமைப்புத் தெரு ஒன்றே. 1967 மார்ச்சில் வந்த வேறொரு கதையில் ஒருவருடைய தாடி காட்சிக்குக் காட்சி அடர்ந்தும் மெலிந்தும் மாறுகிறது. அவ்வேடத்திற்கு ஒப்பந்தமான நடிகர் படப்பிடிப்பிற்கு வராமற்போகவே, கடைசி நேரத்தில் வேறொருவரை அழைத்து வந்து ஒட்டிய தாடி அது. மக்காய் கையில் பளபளக்கும் மருத்துவக் கருவிகளோ உப்புத் தூவும் குப்பிகள். உப்பை உண்ணும் பிராணி வரும் முதற்கதைக்காகப் புதுமாதிரிக் குப்பிகளை வாங்கினார்கள். உப்புக் குப்பி என்று யாருக்கும் அடையாளம் தெரியாதோ என அஞ்சி, அவற்றை மருத்துவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சில முரண்களைப் பின்வந்தவர்களே கதையாக்கிக்கொண்டார்கள். கிளிங்கான் என்னும் பகைவர்க்குப் பழைய தொடரில் நெற்றி நம்முடையதைப் போலவே இருக்கும். 1979இல் வந்த திரைப்படத்தில் மேடு பள்ளமான நெற்றி வந்துவிட்டது. ஒப்பனைக்குப் பணம் கிடைத்ததே காரணம். 1996இல் வந்த ஒரு வழித்தோன்றல் தொடரில் பாத்திரங்கள் பழைய காலத்திற்குச் சென்று இந்த வேற்றுமையைக் கண்டு திகைக்கிறார்கள். உடனிருக்கும் கிளிங்கானிடம் காரணம் கேட்டால், அது வெளியாரிடம் பேசும் செய்தியன்று என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 2005இல் இன்னொரு தொடர், நோய்க்கிருமி ஒன்றால் நேர்ந்த மாற்றம் என்று இரண்டு பகுதிகளில் கதை கட்டிக் கணக்கைச் சரிக்கட்டிற்று.

அன்பர்களே, இவையெல்லாம் சிரித்து மகிழ வேண்டியவை. இனிச் சொல்லப்போவது அவ்வாறன்று.

பொறியாளர் ஸ்காட்டாக நடித்தவர் ஜேம்ஸ் டூகன். கனடா நாட்டவர். அவரைக் கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒன்று புலப்படும். வலக்கையை அவர் பெரும்பாலும் மறைத்தே வைத்திருப்பார். கருவியை இயக்கும் கை மட்டும் அண்மையில் தெரியும்போது அது வேறொருவர் கையாக இருக்கும். ‘கை மாறிவிட்டது’ என்று பிழைப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது எளிது. 1967 டிசம்பர் 29 அன்று வந்த, மயிர்ப்பந்து போன்ற பிராணிகள் பெருகும் நகைச்சுவைக் கதையில், அவர் அப்பிராணிகளை இரு கையாலும் அள்ளிக்கொண்டு வருகிறார். அப்போது கண்ணுக்குத் தென்படுகிறது, வலக்கையில் நடுவிரல் இல்லை என்பது.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய கனடியப் படையில் டூகன் பீரங்கிப் படை அதிகாரி. அன்றிரவு இருளில், தம் படையைச் சேர்ந்த காவலன் ஒருவனே பதற்றத்தில் சுட, ஆறு குண்டுகள் பட்டன. நான்கு காலில், ஒன்று மார்புக்கு நேராக வந்து, சட்டைப் பையிலிருந்த வெள்ளிச் சிகரெட்டுப் பெட்டியில் பட்டு விலகிற்று, ஒன்று விரலைக் கொண்டுபோயிற்று. அந்தக் கையைத்தான் அவர் மூன்றாண்டு மறைத்து நடித்தார். 2005இல் அவர் மறைந்தார். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போனவன் இதை எந்நாளும் அறியப் போவதில்லை. ‘ஏன்?’ என்று கேட்டவன் ஒரு போர்வீரனை அறிந்துகொண்டான்.

இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்டவர் நக்கீரர் என்பது நம் பழங்கதை. அவர் குற்றத்தைச் சொன்னதோடு நில்லாமல் காரணத்தையும் சொன்னார். அவையை விட்டு எழுந்தும் போகவில்லை. பாட்டை மதித்தவராதலின் இருந்து வாதாடினார்.

அமெரிக்காவிலும் அத்தகைய பார்வையாளர் இருந்தனர். இரண்டாம் ஆண்டோடு தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது, பிஜோ டிரிம்பிள் என்னும் அம்மையார் தம் கணவரோடு சேர்ந்து நாடெங்கும் உள்ள நேயர்களைக் கடிதம் எழுதச் செய்தார். கடிதங்கள் வந்து குவிந்தன. 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் ஆண்டில் பணம் குறைந்தது, இரவு நெடுநேரத்திற்குத் தள்ளப்பட்டது என்பது வேறு. அந்த அம்மையாரே ஒவ்வொரு கதையிலும் வரும் பெயர், ஊர், கருவி ஆகியவற்றை அகர வரிசைப்படுத்தி 1969இல் ஒரு தொகுப்பு நூலும் வெளியிட்டார். சிறிய செய்திகளை எண்ணிக்கொண்டிருந்தவர்தாம் பெரியதைக் காப்பாற்றவும் முன்வந்தார் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய படம் பார்க்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதற்கட்டத்தில் கதையும் காட்சியும். இரண்டாவதில் கண்ட பிழை. மூன்றாவதில் அதன் காரணம். முதல் இரண்டும் ஒரு மாலையில் நிரம்பிவிடும். மூன்றாவதை நிரப்பப் புத்தகம் தேட வேண்டும், பெரியவர்களைக் கேட்க வேண்டும், சில வேளை ஆண்டுக்கணக்கில் வெறுமையாக விட்டுவைக்கவும் வேண்டும். விட்டுவையுங்கள், கிழித்துவிடாதீர்கள்.

இந்தப் பழக்கம் படத்தோடு நிற்பதன்று. இக்காலனியில் பிறந்து, வேற்று மொழியிற் பயிலும் நம் பிள்ளைகள் பேசும் தமிழிலும் பிழை உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்; பிறகு மூன்றாவது கட்டத்தையும் சற்றே நோக்கட்டும். எத்தனை பணிமாற்றல், எத்தனை பள்ளி, எத்தனை மொழிக்கிடையில் அந்தத் தமிழ் பிழைத்து நிற்கிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

வரும் கோடையில் அதே தொடரை நம் கூடத்தில் மறுபடி திரையிடச் செயற்குழுவினர் இசைந்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகங்களைச் சங்க நூலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.