பாட்டில்லாப் படமும் பாமரர்மீது வீழ்ந்த பழியும்

(ஆலங்குளத்தில் கூடிய நமது சங்க அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றியோ, விவாகச் செலவைக் குறைப்பது பற்றியோ பேச வேண்டிய இடத்தில் இவன் சினிமாவைப் பற்றிப் பேச எழுந்தானே என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். விஷயம் சினிமாவேயாயினும், வழக்கு நம் பெற்றோர்மீதும் பாட்டன்மார்மீதும் தொடுக்கப்பட்ட வழக்காகும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த அந்த ஜனங்களுக்கு ரசனை கிடையாது என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அத்தீர்ப்பை நம் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே திருப்பிச் சொல்வதைக் கேட்கிறேன். ஆதலால் அதனைச் சற்றே பரிசீலனை செய்ய உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் படம் "அந்த நாள்". 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்டது, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தது. ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தது. அதில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. படம் அப்போது போதிய வசூல் பெறவில்லை. பிற்காலத்து விமரிசகர் பெரும்பாலோர் கூறுவது என்னவெனில்: பாட்டை விலக்கியதே இப்படத்தின் பெருமை, பாட்டில்லையே என்று ஜனங்கள் தள்ளியது அவர்களுடைய அறியாமை. இவ்விரண்டு கூற்றும் பொருந்தாவென்பதே என் அபிப்பிராயம். படம் சிறந்த படமென்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. புகழ்பவர்கள் கைவைத்த இடந்தான் தவறு.

பாட்டைக் குறைகூறும் பழக்கம் ஒரு காலத்தில் நியாயமாகவே பிறந்தது. 1934இல் வந்த "பவளக்கொடி"யில் ஐம்பதை ஒட்டிய பாட்டுக்கள். நாடகக் கொட்டகையில் விடியும்வரை பாடியதை அப்படியே காமிராவின் முன் நிறுத்திப் பிடித்தார்கள். அந்நாளில் கல்கி போன்றவர்கள் இதைக் கேலி செய்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் நோய்க்குக் கொடுத்த மருந்தை நோய் தீர்ந்த பின்னும் கொடுத்துக்கொண்டிருப்பது வைத்தியமாகாது. பத்தாண்டுகளுக்குள்ளாகவே பாட்டு தன் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது.

"ஹரிதாஸ்" படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். "பாகவதரின் கச்சேரிக்குப் படம் பிடித்தார்கள், வேறென்ன இருக்கிறது?" என்று கேட்போர் இன்றும் உளர். படத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். தொடக்கத்தில் ஹரிதாஸ் குதிரைமீது அமர்ந்து, உலகமே தனக்காகப் படைக்கப்பட்டதென்ற செருக்கோடு பாடிக்கொண்டு வீதியில் வருகிறான். பின்னர் தாசியின் முன்னிலையில் மதிமயங்கிப் பாடுகிறான். இறுதியில் கால்களை இழந்து, தரையோடு தரையாய்க் கிடந்து, தான் துரத்திவிட்ட பெற்றோரை நினைத்துப் பாடுகிறான். குதிரையின் உயரத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிய ஒருவனுடைய வரலாறு அப்பாட்டுக்களிலேயே இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் கதை சுருங்காது, கதையே இராது.

"சந்திரலேகா" 1948இல் வந்தது. ஜெமினி வாசன் பணத்தை வாரி இறைத்த ஆடம்பரம் என்று அதன் முரசு நடனத்தைச் சொல்வார்கள். ஆடம்பரந்தான், யார் மறுத்தார்கள்? ஆயினும் அந்நடனம் முடிந்தவுடன் நடப்பதென்ன? முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரசிம்மனின் வீரர்கள் வெளியே பாய்ந்து கோட்டையைப் பிடிக்கிறார்கள். மரக்குதிரைக்குள் படையை ஒளித்த கிரேக்கர் கதையைப் போற்றுகிற பண்டிதர், முரசுக்குள் படையை ஒளித்த நம்மவர் கதையை மட்டும் களியாட்டம் என்று ஒதுக்குவது என்ன நியாயம்? அந்த நடனமே அங்கே யுத்த தந்திரம்.

இங்கிருந்து வெகுதூரமில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர். மனத்திலுள்ளதை, கனவில் கண்ட கல்யாணத்தை, ஒரு பெண் பாடியே உலகறியச் சொன்ன ஊர் அது. அந்த வட்டாரத்து ஜனங்கள் பாட்டு வந்தவுடன் கதை நின்றுவிட்டதாக நினைக்கவில்லை. இப்பொழுதுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்று காது கொடுத்தார்கள். இதை ரசனைக் குறைவென்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, அப்படியானால் "அந்த நாள்" ஏன் ஓடவில்லை?

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1943இல் ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய சமயம். ரேடியோ எஞ்சினீயரான ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, காதற்கிழத்தி ஆகியோர் தத்தம் சாட்சியத்தைச் சொல்லிப் பிறர்மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். இரண்டாண்டுகளுக்கு முன் "பராசக்தி"யில் ஊரையே பேசவைத்த அவர், இங்கே முதற்காட்சியிலேயே குண்டுபட்டு வீழ்கிறார்.

இனி அக்காலத்து டூரிங் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். ஒற்றைப் புரொஜெக்டர், ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளைகள், ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு, சோடா, குழந்தைகளின் அழுகை. காட்டுவேலை முடித்து, கஞ்சி குடித்து, கரிசற்பாதையில் வண்டி கட்டி வருகிறவர்களில் பாதிப்பேர் படம் தொடங்கிய பின்புதான் நுழைவார்கள். முதல் நிமிஷத்தைத் தவறவிட்டவனுக்கு இப்படத்தில் என்ன புரியும்? ஒரு சாட்சியின் ஒரு சொல்லைக் கேளாமற்போனவன் அடுத்த சாட்சியின் பொய்யை எங்ஙனம் அறிவான்? அமைதியான கொட்டகைக்கென்று செய்த படத்தை இரைச்சல் நிறைந்த கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

இன்னொரு காரணம் உண்டு, இதுவே முக்கியமென்பேன். அக்காலத்துப் படத்தின் வசூல், பார்த்தவர்களே மறுபடி பார்ப்பதால் வளர்ந்தது. கிராமபோன் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. பிடித்த பாட்டை மீண்டும் கேட்கவேண்டுமானால் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். "ஹரிதாஸ்" மூன்று தீபாவளி கண்டது அப்படித்தான். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்ட கதைக்கு இரண்டாம் முறை யார் காசு கொடுப்பார்? முதல் ஆட்டம் பார்த்தவன் வாயைத் திறந்தால் இரண்டாம் ஆட்டத்துக்கும் நஷ்டம். இது வியாபாரக் கணக்கு, புத்திக் குறைவன்று.

பாட்டில்லையேல் தமிழர் பாரார் என்ற விதியையும் காலமே பொய்யாக்கிவிட்டது. 1995இல் "குருதிப்புனல்" பாட்டின்றி வந்தது. 2019 தீபாவளிக்கு வந்த "கைதி"யில் கதாபாத்திரங்கள் ஆடிப் பாடும் பாட்டு ஒன்றேனும் கிடையாது, கூட்டம் அலைமோதிற்று. மணலில் உட்கார்ந்திருந்த அதே ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தாம் அந்தக் கூட்டம். மாறியது கொட்டகையே.

விமரிசகர் மற்றொன்றும் சொல்வார்கள்: "அந்த நாள்", ஜப்பானிய டைரக்டர் குரோசாவாவின் "ரஷோமோன்" (1950) படத்தின் நகல் என்று. இதுவும் பாராமற் சொல்லும் பேச்சே. "ரஷோமோன்" படத்தில் கொள்ளைக்காரன், மனைவி, இறந்தவனின் ஆவி ஆகிய மூவரும் கொலை தன் கையாலேயே நேர்ந்ததென்கின்றனர்; உண்மை எதுவென்று கடைசிவரை தெளிவதில்லை. இங்கேயோ ஒவ்வொருவரும் பழியைப் பிறர்மேல் தள்ளுகின்றனர். உண்மையும் முடிவில் வெளிப்படுகிறது. சபையில் நால்வர் சாட்சி சொல்லக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இது ஜப்பானிலிருந்து வரவேண்டிய சரக்கன்று.

படத்தின் பெருமை எங்கே இருக்கிறதென்றால், பண்டரிபாய் நடித்த உஷாவினிடத்தில் இருக்கிறது. தன் ஆராய்ச்சியை இந்நாடு ஆதரிக்கவில்லையென்ற ஆத்திரத்தில் ராஜன் ஜப்பானியருக்கு உளவாளியாகிறான். அதனை அறிந்த மனைவி அவனைத் தடுக்க முயல்கிறாள். அவள் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டினாலேயே அவன் மாள்கிறான். கணவன் செய்த அநீதியைப் பொறுப்பதே கற்பென்று படத்துக்குப் படம் போதித்துவந்த காலத்தில், தாலி கட்டியவனுக்கு எதிராகத் தேசத்தின் பக்கம் நின்ற ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கண்ணகி அரசனிடம் நியாயம் கேட்டாள், கணவனுக்காக. உஷா கணவனிடமே நியாயம் கேட்டாள். அதுவும் எத்தகைய காலம்! அதே ஜப்பானியர் பக்கம் நின்ற நேதாஜியின் படையில் மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தனர். அவர்களை வீரரென்று நம் தென்னாட்டார் கொண்டாடிய நினைவு ஆறாதபோது இப்படம் வந்தது. கொட்டகையில் இருந்தவர்களுக்கு உறுத்தியது பாட்டின்மையா, இந்தக் கேள்வியா? பின்னதே பெரிதும் உறுத்தியிருக்குமென்று நான் கருதுகிறேன். எழுபது ஆண்டுகளாகப் "பாட்டில்லாப் படம், பாட்டில்லாப் படம்" என்றே பேசிவந்ததால் உஷாவைப் பற்றி வீட்டில் ஒரு விவாதமும் எழாமற்போயிற்று. இந்த நஷ்டத்தைத்தான் நான் பெரிதென்பேன்.

நம் சங்கக் கட்டடத்தில் வெள்ளைச்சுவரும் நாற்காலிகளும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை "ஹரிதாஸ்", மறு சனிக்கிழமை "அந்த நாள்" எனத் திரையிட நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். முதல் நிமிஷத்துக்கு முன்பே அனைவரும் வந்து அமர்ந்துவிட வேண்டும். படம் முடிந்தபின் தாய்மார்கள் முதலில் பேசட்டும்; உஷா செய்தது சரியா என்று அவர்கள் வாயால் கேட்க விரும்புகிறேன். ஆண்பிள்ளைகள் பிறகு பேசலாம்.