அந்தப் பார்ன் தனியா நிக்கல

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றி. பெயர் தெரியாட்டியும் படத்தை நீங்க பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். வெயிலிலும் பனியிலும் நிறம் மங்கின ஒரு பழைய மரக் கொட்டகை, பின்னாடி பனி படிந்த கூரான மலைகள், சுற்றி வேறு எதுவுமே கிடையாது. காலண்டரிலோ, லேப்டாப் வால்பேப்பரிலோ எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும்.

அது டி.ஏ. மோல்டன் பார்ன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கு. பார்ன் என்றால் வைக்கோல் அடுக்கவும், குதிரை, மாடு கட்டவும் விவசாயிகள் கட்டிக்கிற பெரிய கொட்டகை. ஆன்சைட் போய் யெல்லோஸ்டோன் ட்ரிப் அடிக்கிற நம்ம ஆட்கள் பலர், அப்படியே தெற்கே இறங்கி இதையும் ஒரு போட்டோ எடுத்துட்டு வருவாங்க.

முதல்ல எப்படி எடுக்கிறதுன்னு பார்த்துடலாம். மலைகள் இருப்பது மேற்கே. அதனால காலையில் சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி வரும். கிராண்ட் டீட்டன் சிகரத்தின் உயரம் 13,775 அடி. முதல் வெளிச்சம் அங்கேதான் படும், அப்புறம்தான் கொட்டகைக்கு இறங்கி வரும். ஆக, சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே டிரைபாட் போட்டு நிக்கணும். மலை பெருசா தெரியணும்னா வைட் லென்ஸ் வேண்டாம். நல்லா பின்னாடி தள்ளிப் போய் ஜூம் பண்ணுங்க. காட்டெருமைகள் அங்கே சாதாரணமா மேயும், குறைஞ்சது 23 மீட்டர் தள்ளியே நில்லுங்க.

அந்தப் பலகைகளையும் கிட்டப் போய்ப் பாருங்க. வெயிலின் புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிடிச்சு வச்சிருக்கிற லிக்னினைச் சிதைக்கும். மழையும் பனியும் அதைக் கழுவிவிடும். மென்மையான பகுதி முதல்ல தேய்ஞ்சு, கெட்டியான ரேகைகள் மேலே எழும்பி நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தா ஒவ்வொரு ரேகையும் தெரியும்.

இதெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். நான் சொல்ல வந்த விஷயம் வேற. அந்தப் படத்தைப் பார்த்ததும் மனசில் வர்ற முதல் சொல் 'தனிமை'. ஆனா அந்த இடத்தின் பெயரே 'மார்மன் ரோ'. ரோ என்றால் வரிசை, கிட்டத்தட்ட நம்ம தெரு மாதிரி. 1890களில் மார்மன் குடும்பங்கள் அங்கே குடியேற ஆரம்பிச்சாங்க. மொத்தம் 27 பண்ணைகள். அமெரிக்க மேற்குப் பகுதியில் பண்ணைகள் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருப்பதுதான் வழக்கம். இவங்க வேலையைப் பகிர்ந்துக்கணும் என்றே பக்கத்துப் பக்கத்தில் அமைச்சாங்க. சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. குதிரைகளை வச்சும் கையாலயும் வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி கொண்டுவந்தாங்க. அதில் சில வாய்க்கால்களில் இன்னைக்கும் தண்ணி ஓடுது.

இந்தப் பார்ன்கூட ஒரே மூச்சில் கட்டினது இல்லை. மோல்டனும் மகன்களும் 1912இல் தொடங்கி 1945 வரை கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக் கட்டினது. பக்கத்திலேயே அவருடைய அண்ணன் தம்பி உறவான ஜான் மோல்டனின் பண்ணை.

அப்போ மத்தவங்க எல்லாம் எங்கே போனாங்க? 1927இலிருந்து ஒரு கம்பெனி அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நிலம் வாங்க ஆரம்பிச்சது. பின்னாடி இருந்தவர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர். விலை ஏறிடக் கூடாதுன்னு தன் பெயரை வெளியே சொல்லல. 1949இல் 32,000 ஏக்கருக்கு மேல் அரசுக்குக் கொடுத்தார், 1950இல் பூங்கா விரிவாச்சு. அந்த நிலம் காப்பாற்றப்பட்டதால்தான் மலைக்கு முன்னாடி இன்னைக்கு ரிசார்ட் எதுவும் எழும்பல, அதையும் ஒத்துக்கணும். ஆனா இந்தக் கட்டடங்களுக்கும் வரலாற்று மதிப்பு இருக்குன்னு உணர 1990கள் வரை ஆச்சு. தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இந்த இடம் ஏறினது 1997இல்தான். மோல்டன் பண்ணையில் இப்போ மிச்சம் இருப்பது அந்தப் பார்ன் மட்டும்தான்.

படத்தில் தெரியற அந்த வெறுமை இயற்கையா வந்தது இல்லை. இருந்த வீடுகள் போனதால வந்தது. அதனால அங்கே போனா, அந்தப் பிரபலமான ஷாட்டை தாராளமா எடுங்க. எடுத்துட்டு கேமராவை அப்படியே திருப்புங்க. வாய்க்காலை எடுங்க, அடுத்த பண்ணையும் தெரியற மாதிரி ஒரு படம் எடுங்க. லைக் கம்மியாத்தான் வரும். ஆனா அங்கே ஒரு ஊர் இருந்ததுன்னு சொல்றது அந்தப் படம்தான்.

நம்ம ஊர்ல பழைய ஓட்டு வீடு, மூடிக் கிடக்கிற ரைஸ் மில் எடுக்கும்போதும் இதைச் செஞ்சு பாருங்க. எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.