இரண்டு முழத்தில் ஒரு போர்க்கலம்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பழம்பெருமை பேசாத இனம் ஞாலத்தில் இல்லை. ஆயின், பெருமையைப் பேசுவது ஒன்று. பெருமையை அளந்து காட்டுவது மற்றொன்று. முன்னது நாவின் வேலை. பின்னது கையின் வேலை, கண்ணின் வேலை, அவற்றினும் மேலாக நேர்மையின் வேலை. "முந்நீரைக் கலஞ்செலுத்தி ஆண்ட இனம்" என்று மேடைதோறும் முழங்குவாரை நோக்கி ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, அந்தக் கலத்தின் நீளம் எவ்வளவு? அதன் ஏரா எம்மரம்? பாய்மரம் எத்தனை அடி?" என்று கேட்பானாயின், கைதட்டல் அடங்கி அவை வாய்மூடிப்போகும். அச்சிறுவனின் வினாவிற்கு விடை தேடும் தொழில் ஒன்று உண்டு. பழங்கலங்களை அளவு பிறழாமல் மரத்தால் சிறுவடிவாக அமைக்குந் தொழிலே அது. அதனை விளையாட்டுப் பொருள் செய்தல் என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பிழை என்பதை ஒரே ஒரு கலத்தின் வரலாறு காட்டிவிடும்.

சிறுவடிவக் கலம் அமைத்தல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. எகிப்து நாட்டில் ஏறத்தாழ 4000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த மெக்கெத்துரே என்னும் உயரலுவலரின் கல்லறையில் மரத்தாலான சிறு படகுகள் கிடைத்தன. அக்காலப் படகின் வடிவை இன்று அறிய அவை துணைநிற்கின்றன. ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தம் போர்க்கலங்களுக்குச் சிறுவடிவங்கள் செய்து வைத்தனர். அவற்றின் கீழ்ப்புறத்திற் பலகை வேயாது, வங்குகள் கண்ணுக்குத் தெரியுமாறு திறந்தே விட்டனர். விலாவெலும்பு தெரிய நிற்கும் அக்கலங்கள் கட்டுமானத்தின் ஆவணங்களாகவே இன்றும் மதிக்கப்பெறுகின்றன.

இனி, அந்த ஒரு கலத்திற்கு வருவோம். அதன் பெயர் வாசா. சுவீடன் நாட்டு மன்னர் இரண்டாம் குசுத்தாவு அதோல்பு, போலந்தோடு போர் நிகழ்ந்த காலத்தில் கட்டச் செய்த போர்க்கலம் அது. 1626-இல் இசுட்டாக்கோம் நகரிற் கட்டத் தொடங்கினர். தலைமைக் கம்மியர் ஒல்லாந்து நாட்டவரான என்றிக்கு இபெர்ட்சன். 1627-இல் அவர் மறையவே, எயின் யாக்கோபுசன் என்பார் பணியை முடித்தார். முன்னே நீண்ட மரத்தையும் சேர்த்து அதன் நீளம் 69 மீட்டர், அகலம் 11.7 மீட்டர், அடிமுதல் பாய்மரத்தின் நுனிவரை உயரம் 52.5 மீட்டர். வெண்கலத்தாலான பெருந்துமுக்கிகள் (பீரங்கிகள்) 64. மேனியெங்கும் ஏறத்தாழ 700 செதுக்குருவங்களும் அணிவேலைகளும் பொலிந்தன.

புறப்படுமுன் ஓர் ஆய்வு நடந்தது. 30 ஆட்களை மேற்றளத்தில் இப்புறமிருந்து அப்புறம், அப்புறமிருந்து இப்புறம் ஓடச் செய்தனர். மூன்றாம் ஓட்டத்திலேயே கலம் கவிழ்ந்துவிடும்போல் ஆடியது. கடற்படைத் தலைவர் கிளாசு பிளெமிங்கு ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். கலத்தை நிறுத்தச் சொல்லவில்லை! மன்னரோ போர்க்களத்தில் இருந்தார்; கலம் விரைந்து வரவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்விருப்பத்தின்முன் உண்மையை உரைக்க எவரும் வாய்திறந்திலர்.

1628, ஆகத்து 10. கரையெங்கும் மக்கள் திரண்டு நிற்க, நான்கு பாய்களை விரித்துக் கலம் நகர்ந்தது. ஏறத்தாழ 1300 மீட்டர் சென்றிருக்கும். ஒரு காற்று வீச்சு. கலம் இடப்புறம் சாய்ந்தது. துமுக்கிகளுக்காகத் திறந்துவைத்த கீழ்த்தளத் துளைகளின் வழியே நீர் புகுந்தது. கரையிலிருந்தார் கண்முன்னரே 32 மீட்டர் ஆழத்தில் வாசா மூழ்கியது. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். உசாவல் நடந்தது, ஒருவரும் தண்டிக்கப்பெறவில்லை. மன்னர் ஒப்பிய அளவின்படியே கட்டியதாகக் கட்டினோர் கூறினர். மன்னரைத் தண்டிப்பார் யார்?

333 ஆண்டுகள் கடந்தன. 1956-இல் ஆந்தர்சு பிரான்சேன் என்பார் கலம் கிடந்த இடத்தைக் கண்டறிந்தார். 1961, ஏப்பிரல் 24 அன்று அது நீர்மட்டத்திற்கு மேலே எழுந்தது. மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழு, உப்புக் குறைந்த பால்டிக்குக் கடலில் வாழ்வதில்லை; ஆகலின் உடல் ஏறத்தாழ முழுமையாகவே எஞ்சியிருந்தது. நீர் ஊறிய மரம் காய்ந்து வெடிக்காதிருக்க, மெழுகையொத்த பாலி எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளை நீரிற் கரைத்து 1962 முதல் 1979 வரை 17 ஆண்டுகள் தெளித்தனர். 1990-இல் அதற்கெனவே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. முதல் நாளே மூழ்கிய கலத்திற்கு ஒரு நாடு கோயில் எடுத்தது என்றே சொல்லலாம்! இழுக்கென்று எண்ணி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அளந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் உண்மைக் கலத்தின் அருகே, பத்தில் ஒரு பங்கு அளவிற் செய்த சிறுவடிவம் ஒன்று பாய்கள் விரித்து நிற்கின்றது. சிறுவடிவம் என்றாலும் அதுவே ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். வீட்டில் அமைப்போர் பெரும்பாலும் 75-இல் ஒரு பங்கைக் கொள்வர். அப்போது 69 மீட்டர்க் கலம் 92 செ.மீ. ஆகும், ஏறத்தாழ இரண்டு முழம். ஐந்தரை அடி ஆள் 2.2 செ.மீ. ஆவான். 15 மி.மீ. தடித்த கயிறு 0.2 மி.மீ. நூலாகும். அவ்வளவிலும் அக்கயிறு கயிறாகவே தோன்ற வேண்டும்!

வேலை ஏராவிலிருந்து தொடங்குகின்றது. நேரான ஏராவின்மேல் கலத்தின் குறுக்குவெட்டு வடிவில் அறுத்த பலகைகளையோ, தனித்தனி வங்குகளையோ நிறுத்துவர். அவற்றுள் ஒன்று நூலிழை சாய்ந்தாலும், பின்னர் வேயும் பலகை அனைத்தும் அச்சாய்வைப் பறைசாற்றும். அடுத்துப் பலகை வேய்தல். கலத்தின் வயிறு அகன்றது, அணியம் குறுகியது. ஒரே அகலமுள்ள பலகைகளை வரிசையாக ஒட்டிச் சென்றால் அணியத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆகவே, ஒவ்வொரு பலகையையும் முன்னோக்கிச் சிறுகச் சிறுக இழைத்துக் குறுக்க வேண்டும். நீரில் ஊறவைத்து, வெம்மை காட்டி வளைத்து, ஒருநாள் கவ்வியிற் கட்டிக் காயவிட்டுப் பின்னரே பயின் இட்டுப் பொருத்த வேண்டும். இடப்புறம் ஒரு பலகை ஒட்டினால் வலப்புறம் ஒன்று ஒட்ட வேண்டும். ஒருபுறத்தையே முடிக்க முயன்றவனின் ஏரா வில்லாய் வளைந்துவிடும்.

மரத்தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. வாசா கருவாலி மரத்தாற் கட்டப்பெற்றது. ஆயின் சிறுவடிவைக் கருவாலியாற் செய்வது பிழை. மரம் சிறுத்தாலும் அதன் இழைக்கோடு சிறுக்காது. இரண்டு முழக் கலத்தில் அக்கோடுகள் உழவுச்சால் போலத் தோன்றும். ஆகலின் இழை நெருங்கிய பேரி மரத்தையும் அதுபோன்ற மரங்களையும் தேர்வர். மரப்பாச்சிக்குச் செம்மரத்தையும் கருங்காலியையும் தேர்ந்த தமிழ்க் கம்மியர்க்கு இவ்வறிவு புதிதன்று.

பின்னர்க் கயிற்று வேலை. கடையில் வாங்கிய தையல்நூல் உதவாது. மூன்று புரிகளைச் சிறு பொறியில் முறுக்கித் தானே கயிறு திரிப்பான் நல்ல கம்மியன். பாய்மரத்தைப் பிணிக்கும் பெருங்கயிறுகளின் குறுக்கே ஏணிப்படிபோல் நூற்றுக்கணக்கான முடிச்சுகள். பருமல்களை ஏற்றியிறக்க உளுந்தளவேயான கப்பிகள். ஒவ்வொரு கயிறும் எங்கோ தொடங்கி எங்கோ முடிய வேண்டும். பொருளின்றித் தொங்கும் கயிறு ஒன்றும் உண்மைக் கலத்தில் இல்லை. சிறுவடிவிலும் இருத்தல் ஆகாது.

இவ்வளவும் கைத்திறம். இதற்குமேல் இரண்டு இடங்களில் கம்மியனின் நேர்மை உரைத்துப் பார்க்கப்படுகின்றது.

முதலாவது நிறம். கலம் எழுந்தபின் பல ஆண்டுகள், அதன் பின்புறம் நீலத்தின்மேற் பொன்னிறம் பூசப்பெற்றது என்றே கருதினர். வீடுகளில் நின்ற சிறுவடிவங்களும் நீலமும் பொன்னும் தாங்கின. பார்க்க அழகாகவும் இருந்தன. பின்னர், செதுக்குருவங்களின் இடுக்குகளில் எஞ்சிய பூச்சுத் துகள்களை ஆய்ந்தபோது உண்மை வேறாயிற்று. பின்னணி சிவப்பு, அதன்மேல் உருவங்கள் பன்னிறங் கொண்டவை. அருங்காட்சியகத்தின் பத்திலொரு பங்குக் கலம் இன்று அந்நிறங்களையே தாங்கி நிற்கின்றது. பழகிய அழகைக் கைவிட்டு உண்மையை ஏற்பதற்கு உள்ளத் திண்மை வேண்டும்.

இரண்டாவது அளவு. கலத்தினுள் கட்டினோர் விட்டுச்சென்ற அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. அவற்றுள் இரண்டு சுவீடன் அடிக்கோல். அதற்கு 12 விரலம். மற்றிரண்டு ஆம்சிட்டர்டாம் அடிக்கோல். அதற்கு 11 விரலம். ஒரே கலத்தில் இரு வேறு அடி! கம்மியர் இரு நாட்டினர்; ஒரே எண்ணைச் சொல்லி இரு வேறு நீளத்தை அறுத்திருப்பர். கலத்தின் இடப்புறமும் வலப்புறமும் ஒத்தில்லாமையை ஆய்வாளர் அளந்து காட்டியுள்ளனர். அக்காலத்து ஒல்லாந்துக் கம்மியர் வரைபடம் வரைவதில்லை. விகிதக் கணக்கையும் கண்ணையும் பட்டறிவையும் நம்பியே கட்டினர். ஆகலின் ஒப்பிட்டுப் பார்க்க மூலவரைவும் இல்லை, கலமே வரைவு.

கம்மியனின் இடர்ப்பாடு இங்கேதான். சிறுவடிவுக்குரிய வரைவுகளில் ஒரு பாதியை வரைந்து, மறுபாதியை அதன் எதிருருவாகக் கொள்வதே வழக்கம். அவ்வாறு செய்தால் இருபுறமும் கண்ணாடிபோல் ஒத்த, குறையற்ற கலம் கிடைக்கும். ஆனால் அது வாசா அன்று; மூழ்காத வாசா! மெய்யான வாசாவைச் செய்ய விரும்புவோன் குறையையும் அளந்து, அக்குறையையும் நேர்த்தியாகச் செய்ய வேண்டும். முன்னோர்க்கு இல்லாத நிறைவை அவர்க்குச் சூட்டுவது பற்றன்று. அஃது அவர்களை அறிய மறுப்பதாகும்.

குறையை அறிந்ததன் பயன் அக்காலத்திலேயே விளைந்தது. அதே யாக்கோபுசன் அடுத்துக் கட்டிய எப்லெத்து என்னும் கலம் சற்று அகலங் கூட்டப்பெற்று 1629-இல் நீரில் இறங்கியது. மூழ்காது பல ஆண்டுகள் பணியாற்றியது. 2021-இல் அதன் உடல் கடலடியிற் கண்டறியப்பெற்று, 2022-இல் உறுதி செய்யப்பெற்றது.

தமிழ் நெஞ்சங்களே! இவ்வரலாற்றைத் தமிழ்க்கரையில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெம்மையும் உப்பும் மிக்க கடலில் மரம் நில்லாது, கடற்புழு விடாது. ஆகலின் பழந்தமிழ்க் கலத்தின் முழுவுடல் ஒன்றும் காட்சிக்கு எழுந்து நிற்கவில்லை. ஆனால் சொற்கள் நின்றன. நாவாய், வங்கம், தோணி, அம்பி, திமில், பஃறி, புணை என்று கலத்திற்குப் பல பெயர். கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலத்திலேயே ஏறி அமர்ந்துவிட்டது. ஏரா, வங்கு, அணியம், பருமல், கூம்பு என்று உறுப்புக்கு ஒரு பெயர். சொல் எஞ்சியது, அச்சொல் சுட்டிய பொருளின் அளவு எழுதப்படாமற் போயிற்று.

அது பழங்காலத்தோடு முடிந்த இழப்பும் அன்று. ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழ்க் கம்மியர் கட்டிய அன்னபூரணி என்னும் இரட்டைப் பாய்மரக் கலம், 1938-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அமெரிக்காவின் குளோசுட்டர்த் துறையை அடைந்தது. அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிய அக்கலத்தைப் பெருங்கடல் தாண்டிச் செலுத்தியவர் அவ்வூர்த் தமிழ்க் கலவரே. தூத்துக்குடிப் பெருந்தோணிகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பாய்விரித்துச் சரக்கேற்றின. அவற்றைக் கட்டியவர்களும் செலுத்தியவர்களும் நேற்றுவரை வாழ்ந்தவர்கள். அவர்தம் மக்களும் பேரர்களும் இன்றும் கரையில் வாழ்கின்றனர்.

எனவே, செய்யத்தக்கது இது. கரையில் கிடந்து மட்கும் வள்ளம் ஒன்றையேனும் ஓர் இளைஞன் அளவுகோலோடு அணுகட்டும். இடப்புறத்தையும் அளக்கட்டும், வலப்புறத்தையும் தனியே அளக்கட்டும். முதிய தச்சரை அருகிருத்தி, ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுத் தொட்டு அதன் பெயரைக் கேட்டு எழுதட்டும். பின் அதனை இரண்டு முழ மரத்திற் செய்து பள்ளியில் வைக்கட்டும். நாளை அந்தச் சிறுவன் எழுந்து "ஏரா எத்தனை அடி?" என்று கேட்கும்போது, அவையில் ஒருவரேனும் எழுந்து எண்ணைச் சொல்லட்டும்.