சோழர் குலமகளிரும் வரலாற்றுப் புதினமும்



வரலாற்றுப் புதினம் என்றவுடன் தமிழர் நினைவில் முதலில் எழுவது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வெளிவந்த அந்நூலின் உயிர்நிலை போர்க்களத்தில் இல்லை. அரண்மனை மகளிரிடத்தில் இருக்கிறது. பழையாறையில் இருந்தபடியே அரசியலைச் செலுத்தும் குந்தவை ஒருபுறம். பல்லக்கின் திரைக்குப் பின்னிருந்து பழிதீர்க்கத் துடிக்கும் நந்தினி மறுபுறம். முன்னவர் கல்வெட்டில் வாழ்பவர். பின்னவர் ஆசிரியரின் கற்பனை. ஆயினும் நூலை மூடிய பின்னும் வாசகரை விடாது தொடர்பவள் நந்தினிதான்.

ரோமாபுரியின் பெருங்குடிப் பெண்டிருக்கும் இதுவே நேர்ந்தது. அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியா கி.பி. 29இல் மறைந்தார். பல பத்தாண்டுகள் கழித்து வரலாறு எழுதிய டாசிட்டஸ் அவர்மீது ஐயத்தின் நிழலை விழச் செய்தார். ராபர்ட் கிரேவ்ஸ் 1934இல் எழுதிய 'நான், கிளாடியஸ்' என்னும் புதினமோ அந்நிழலுக்கு உடலும் குரலும் தந்து, நஞ்சூட்டியே தன் மகனுக்கு வழியமைத்த தாயாக அவரை நிறுத்திவிட்டது. அரியணைக்கு அருகிலிருந்த பெண்ணைச் சூழ்ச்சியோடு சேர்த்தே காண்பது ஆடவர் எழுதுகோலின் பழைய பழக்கம். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சுட்டுவது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் ஆடவரையே. அவ்வஞ்சத்துக்குப் பெண்முகம் ஒன்று வேண்டியிருந்தது கதைக்குத்தான்.

கல்வெட்டுக் குந்தவையும் கதைக் குந்தவையிலிருந்து வேறுபட்டவர். வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றே அவர் குறிக்கப்படுகிறார். காதல் உரையாடல் எதுவும் அங்கில்லை. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் மட்டுமன்றிச் சமணப் பள்ளிக்கும் அவர் கோயில் எடுப்பித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கொடைகளைக் கல்லில் வெட்டப் பணிக்கும் இராசராசன், தன் கொடைக்கு அடுத்துத் தமக்கையின் கொடையையே சொல்கிறான்; தேவியர் அதற்குப் பின்னர்த்தான். பொன்னையும் மணியையும் நிறுத்துக் கணக்கெழுதி ஒப்படைத்த அந்தக் கைகளைப் புதினங்கள் போதிய அளவு காட்டவில்லை.

எனினும் இவ்வட்டத்துக் கவிஞர்கள் நின்று எண்ண வேண்டிய பெண் இவர்கள் இருவரும் அல்லர். நைனார்பாளையத்திலிருந்து அவரைத் தேடித் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூருக்குச் சென்றாலே போதும். மலையமான் குடியில் பிறந்து, சுந்தர சோழனின் தேவியாகி, இராசராசனை ஈன்ற வானவன்மாதேவியே அவர். 'பொன்னியின் செல்வ'னில் கால் வழங்காத கணவரின் கட்டிலருகே அமர்ந்திருக்கும் சாந்தமான அரசியாக அவரைக் காண்கிறோம். அவர் தந்தை மலையமானுக்குக் கிடைத்த வீரமும் வாய்ப்பேச்சும் மகளுக்குக் கிடைக்கவில்லை.

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு வேறொன்று சொல்கிறது. இராசராசனின் 27ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அச்செய்யுள், கணவன் இறந்தபோது பால்குடி மாறாத குழந்தையைப் பிரிந்து தீயிற் புகுந்தவர் என்று இவரைப் போற்றுகிறது. போற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதிய புலவருக்குத் தீ தெரிகிறது, கற்பு தெரிகிறது. அழுத குழந்தையை வாங்கிக்கொண்ட கை யாருடையது? முதுமகளிர் என்ன சொல்லி அவரை அனுப்பினர்? அவர் தாமே நடந்தாரா? புகழ்ப்பாட்டுக்கு இவை வேண்டாத செய்திகள். புதினத்துக்கோ இவையே முதல் அத்தியாயம்.

அதே கல்வெட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். பாரியின் மகளை மலையர்க்கு மணம் செய்வித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியும் அதிலேயே வருகிறது. புறநானூற்றுக் குறிப்போ கபிலர் வடக்கிருந்தார் என்று கூறும். தீயில் புகுந்த புலவருக்குக் கபிலக்கல் என்னும் நினைவிடம் ஆற்றினுள் இன்றும் நிற்கிறது. மணம்புரிந்து மலையமான் வீட்டில் வாழ்ந்தவளுக்கு அந்தக் கல்வெட்டில் பெயர்கூட இல்லை. அங்கவை, சங்கவை என்பவை பிற்கால வழக்குத் தந்த பெயர்கள். தந்தையின் பறம்பை இழந்து வந்தவள், நாளெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டா நீர் முகந்தாள் என்று கேட்கும் உரிமை கவிஞருக்கு உண்டு.

சான்று இல்லாத இடத்தில் எழுதுவது பொய்யாகாதோ எனப் புலமையாளர் தயங்குவர். தயக்கம் நல்லதே. ஆனால் நந்தினியைப் படைக்கும்போது எழாத தயக்கம், வானவன்மாதேவியை எழுதும்போது மட்டும் ஏன் எழ வேண்டும்? கல்வெட்டை மறுக்க வேண்டியதில்லை. அது சொன்னதைச் சொல்லியவாறே வைத்துக்கொண்டு, அது புகழாகப் பாடியதைத் துயரமாகவும் படிக்கலாம்.

அத்தாயின் மகள் ஒருவாறு அப்படித்தான் படித்தாள் போலும். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்மாளிகைத் துஞ்சின தேவராகிய தந்தைக்கும், அவரருகே தாய்க்கும் திருமேனி செய்து எழுந்தருளுவித்தவர் குந்தவை. தீயில் போனவரைச் செம்பில் வார்த்து, மீண்டும் ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.